மூளைக்கு வயது சொல்லும் விளையாட்டுகள்: வாசகர் கேள்வி – பதில்

மூளைப்பயிற்சி என்ற பெயரில் கைப்பேசியிலும் விளையாட்டுக் கருவிகளிலும் கிடைக்கும் வேக விளையாட்டுகளைப் பற்றி வாசகர்கள் எழுதியிருந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்துப் பதில் அளித்திருக்கிறோம்.

என் மாமியாருக்கு அறுபத்தாறு வயது. பேரன் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்த மூளைப்பயிற்சி விளையாட்டைத் தினமும் காபி குடித்த கையோடு ஆட உட்கார்ந்துவிடுகிறார். நிறம் மாறியதும் தொடுவது, இரண்டு எண்களில் பெரியதைச் சட்டென்று தட்டுவது போன்ற குட்டிக் குட்டி விளையாட்டுகள். ஆரம்பத்தில் எடுத்த ஸ்கோரைப் போல இரு மடங்கு எடுக்கிறார். மூளை சுறுசுறுப்பாகிவிட்டது என்கிறார். ஆனால் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவது மட்டும் அப்படியே இருக்கிறது. எதை நம்புவது?
– கும்பகோணம் வாசகி

இரண்டையும் நம்பலாம். ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடும்போது அதன் விதி மனத்தில் பதிந்துவிடுகிறது. அடுத்த படம் திரையின் எந்தப் பக்கம் தோன்றும் என்று கண் முன்கூட்டியே எதிர்பார்க்கிறது. விரல் தொடவேண்டிய இடத்துக்கு மேலேயே காத்திருக்கிறது. எப்போது துணிந்து தட்டலாம், எப்போது நிதானிக்க வேண்டும் என்ற கணக்கும் பிடிபட்டுவிடுகிறது. ஆகவே ஸ்கோர் ஏறியதில் பொய் எதுவும் இல்லை. ஏறியது அந்த விளையாட்டில் அவருக்குக் கைவந்த தேர்ச்சி. அந்தத் தேர்ச்சி விளையாட்டை விட்டு வெளியே வந்து சமையலறையிலும் கடைத்தெருவிலும் உதவுமா என்பதுதான் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி, பெரும்பாலும் கிடைத்திருக்கும் பதில் அவ்வளவு உற்சாகமூட்டுவதாக இல்லை.

பிரிட்டனில் ஆட்ரியன் ஓவன் என்ற நரம்பியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பிபிசியின் அறிவியல் நிகழ்ச்சி ஒன்றின் மூலம் ஆள் திரட்டி, 11,430 பேரை ஆறு வாரங்களுக்கு இணையவழியில் பயிற்சி செய்ய வைத்தார்கள். ஒரு குழுவினர் தர்க்கம் சார்ந்த பயிற்சிகளையும், இன்னொரு குழுவினர் சந்தையில் விற்கும் விளையாட்டுகளை ஒத்த நினைவு, கவனம், கணக்குப் பயிற்சிகளையும் செய்தார்கள். மூன்றாவது குழுவினர் பொது அறிவுக் கேள்விகளுக்கு இணையத்தில் தேடிப் பதில் கண்டுபிடித்ததோடு சரி. 2010இல் 'நேச்சர்' இதழில் வெளியான முடிவின்படி, பயிற்சி செய்த விளையாட்டுகளில் எல்லோரும் முன்னேறியிருந்தார்கள். ஆனால் அவற்றுக்கு மிகவும் நெருக்கமான வேறு சோதனைகளில்கூட அந்த முன்னேற்றம் தென்படவில்லை. அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் அறுபது வயதுக்கு உட்பட்டவர்கள், பயிற்சி நேரமும் குறைவு என்ற ஆட்சேபணைகள் அப்போதே எழுந்தன, அவற்றில் நியாயமும் உண்டு. முதியவர்களிடம் நடந்த ஆய்வைப் பற்றிக் கோயம்புத்தூர் வாசகருக்கான பதிலில் சொல்லியிருக்கிறோம்.

பால் விஷயம் வேறு. இன்னும் சில நிமிடங்களில் ஒன்றைச் செய்ய வேண்டும் என்பதை, இடையில் வேறு வேலையில் மூழ்கியிருக்கும்போது, யாரும் நினைவூட்டாமல் தானாக நினைவுக்குக் கொண்டுவருவது என்பது மனத்தின் தனியான ஒரு திறன். திரையில் நிறம் மாறியவுடன் தட்டும் விளையாட்டில் அந்தத் திறனுக்கு வேலையே இல்லை, ஏனெனில் அங்கே திரையே நினைவூட்டிவிடுகிறது. விசில் அடிக்கும் பால் குக்கர் ஒன்றை வாங்கிக் கொடுப்பது எந்தச் செயலியையும் விட விரைவாகப் பலன் தரும். மறதி அண்மையில்தான் கூடியிருக்கிறது என்றால் மட்டும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். தைராய்டு குறைபாடும் வைட்டமின் பி12 குறைபாடும் மறதியாக வெளிப்படுவதுண்டு, இரண்டையும் ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம். விளையாடுவதை நிறுத்தச் சொல்ல வேண்டாம். அவருக்கு அது பிடித்திருக்கிறது, அந்தக் காரணம் போதும்.

நின்டெண்டோ நிறுவனத்தின் 'பிரெயின் ஏஜ்' விளையாட்டு 'உங்கள் மூளையின் வயது 54' என்பதுபோல் ஒரு கணக்குச் சொல்கிறதே, மூளைக்கு வயது என்று ஒன்றை இப்படி அளக்க முடியுமா? அதை உருவாக்கியவர் உண்மையிலேயே விஞ்ஞானிதானா?
– திருச்சி கல்லூரி மாணவர்

விஞ்ஞானிதான். ஜப்பானின் செண்டாய் நகரில் உள்ள தோஹோகு பல்கலைக்கழகத்தின் மூளை ஆய்வாளர் ரியூட்டா கவாஷிமா, கணக்குப் போடும்போதும் வாய்விட்டு வாசிக்கும்போதும் மூளையின் எந்தப் பகுதிகளில் ரத்த ஓட்டம் கூடுகிறது என்பதைப் படம் பிடித்து ஆராய்ந்தவர். எளிய கணக்குகளை வேகமாகப் போடும்போதும் சத்தமாக வாசிக்கும்போதும் நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதி நன்றாக இயங்குகிறது என்பது அவர் கண்டது. அதை வைத்து அவர் எழுதிய பயிற்சிப் புத்தகங்கள் ஜப்பானில் அமோகமாக விற்றன. அவற்றின் அடிப்படையில் 2005 மே மாதம் நின்டெண்டோ டிஎஸ் என்ற, இரண்டு திரைகள் கொண்ட கையடக்க விளையாட்டுக் கருவிக்கான விளையாட்டு வெளிவந்தது. அதுவரை விளையாட்டுக் கருவியைத் தொட்டே பார்க்காத நடுத்தர வயதினரும் முதியவர்களும் அதை வாங்கினார்கள் என்பதுதான் அந்தத் துறையில் பெரிய அதிசயமாகப் பேசப்பட்டது. உலகெங்கும் அந்த முதல் விளையாட்டு மட்டுமே ஒன்றே முக்கால் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது.

கருவியைப் புத்தகம்போல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கத்தில் கேள்வியைப் பார்த்து மறுபக்கத்தில் எழுத்தாணியால் விடை எழுத வேண்டும். இருபது கணக்குகளை முடித்தவுடன் உங்கள் வேகம் நடை வேகமா, மிதிவண்டி வேகமா, ரயில் வேகமா, ராக்கெட் வேகமா என்று சொல்லும். இன்னொரு சோதனையில் 'சிவப்பு' என்ற சொல் நீல நிறத்தில் எழுதப்பட்டிருக்கும். சொல்லைப் படிக்காமல் நிறத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாசிப்பு நமக்கு அனிச்சையாகிவிட்டதால் நாக்கு 'சிவப்பு' என்றே தொடங்கும், அதை அடக்கி 'நீலம்' என்று சொல்வதற்குள் அரை நொடி ஓடிவிடும். இது விளையாட்டுக்காரர்கள் கற்பனை செய்தது அன்று. அமெரிக்க உளவியலாளர் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935இல் வெளியிட்ட ஆய்வின் பெயராலேயே இன்றும் மருத்துவமனைகளில் வழங்கும் சோதனை.

இனி, வயது என்ற எண்ணுக்கு வருவோம். சில சோதனைகளில் எடுத்த நேரத்தையும் செய்த பிழைகளையும் கூட்டி, இருபது என்பதைச் சிறந்ததாக வைத்து அந்த விளையாட்டு ஒரு எண்ணைத் தருகிறது. அது மருத்துவ அளவீடு அன்று. முதல் நாள் கருவி பழக்கமில்லாததால் எழுபது காட்டும். இரண்டு வாரத்தில், நீங்கள் எழுதும் நான்கையும் ஏழையும் கருவி எப்படி எழுதினால் சரியாகப் புரிந்துகொள்கிறது என்று பழகியதுமே முப்பத்தைந்துக்கு இறங்கிவிடும். இரண்டு வாரத்தில் எந்த மூளையும் முப்பத்தைந்து ஆண்டுகள் இளமையாகிவிடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒரு செயலின்போது மூளையின் ஒரு பகுதி சுறுசுறுப்பாக இயங்குகிறது என்பதிலிருந்து அந்தச் செயல் மூளையை நிரந்தரமாக மேம்படுத்துகிறது என்ற முடிவுக்குத் தாவுவதையே மற்ற ஆய்வாளர்கள் குறையாகச் சொல்கிறார்கள், அது சரியான குறை என்பதே நம் கருத்தும்.

கவாஷிமாவும் உடன் இருந்த ஒரு குழு, முதியவர்கள் 32 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரை 'பிரெயின் ஏஜ்' விளையாட்டையும் மறுபாதியினரை, மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்கும் 'டெட்ரிஸ்' விளையாட்டையும் நான்கு வாரங்கள் ஆடச் செய்து, 2012இல் முடிவுகளை வெளியிட்டது. திட்டமிட்டுச் செயல்படும் திறனிலும் மனம் வேலை செய்யும் வேகத்திலும் முதல் குழு முன்னேறியிருந்தது. கவனத்திலும் பொதுவான அறிதிறனிலும் வேறுபாடு இல்லை. ஆய்வு சிறியது, காலமும் குறுகியது. இதை ஒரு தொடக்கம் என்று சொல்லலாமே தவிர விளம்பரப் பலகையில் ஏற்றும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை.

பழைய கைப்பேசியில் என்னுடைய எதிர்வினை நேரம் 340 மில்லிநொடி என்று வந்தது. புதிய கைப்பேசி வாங்கிய அன்றே 270 ஆகிவிட்டது. ஒரே நாளில் நான் எப்படி வேகமானேன்?
– சென்னை வாசகர்

வேகமானது கைப்பேசி. திரையில் ஒரு விளக்கு எரிவதைக் கண்டதும் விரலால் தட்டுவதற்கு ஆரோக்கியமான இளைஞர் ஒருவருக்கு ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிநொடி ஆகும். ஆனால் செயலி அளப்பது உங்களை மட்டும் அன்று. திரை படத்தைப் புதுப்பிக்கும் நேரம், விரல் பட்டதைக் கண்ணாடி உணரும் நேரம், அதை மென்பொருள் கணக்கில் எடுக்கும் நேரம் எல்லாம் அதனுடன் சேர்ந்துவிடுகின்றன. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 16.7 மில்லிநொடியும், 120 முறை புதுப்பிக்கும் திரையில் 8.3 மில்லிநொடியும் இடைவெளி உண்டு. பேட்டரி சேமிப்பு முறையைப் போட்டால் பல கைப்பேசிகளில் புதுப்பிக்கும் வேகம் குறைந்துவிடும்; தடித்த கண்ணாடி ஒட்டியிருந்தாலும் விரல் ஈரமாக இருந்தாலும் தொடுதல் சரியாகப் பதியாது. எனவே ஒரே கைப்பேசியில், ஒரே நேரத்தில், பல முறை எடுத்த அளவுகளின் சராசரியை மட்டுமே ஒப்பிட்டுப் பார்ப்பதில் பொருள் உண்டு. நண்பரின் ஸ்கோரோடு பந்தயம் கட்டாதீர்கள்.

ஓர் உபரித் தகவல்: ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கி ஒலித்து 0.100 நொடிக்குள் ஒருவர் கிளம்பினால், ஒலியைக் கேட்டு அவர் கிளம்பியிருக்க முடியாது என்று கொண்டு, அதைத் தவறான தொடக்கமாகவே விதி கருதுகிறது. உங்கள் செயலி 80 மில்லிநொடி என்று காட்டினால் நீங்கள் விளக்கைப் பார்த்துத் தட்டவில்லை, குத்துமதிப்பாகத் தட்டியிருக்கிறீர்கள்.

ஓய்வுபெற்ற பிறகும் கார் ஓட்டுகிறேன், வயது எழுபத்தொன்று. குறுக்குச் சாலையிலிருந்து இருசக்கர வாகனம் வந்தால் கவனிப்பதற்குள் நெஞ்சு பதறிவிடுகிறது. வேக விளையாட்டுகள் இதற்கு உதவுமா? மறதிநோயையும் தடுக்கும் என்கிறார்களே?
– கோயம்புத்தூர் வாசகர்

மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் சற்றே கையை விரிக்கும் நாம், உங்கள் கேள்விக்கு மட்டும் ஓரளவு நம்பிக்கையோடு பதில் சொல்ல முடியும்.

அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 பேரைக் கொண்டு 'ஆக்டிவ்' என்ற பெயரில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதன் முதல் முடிவுகள் 2002இல் வெளியாயின. ஒரு குழுவுக்கு நினைவாற்றல் பயிற்சி, ஒரு குழுவுக்குத் தர்க்கப் பயிற்சி, ஒரு குழுவுக்கு வேகப் பயிற்சி, நான்காவது குழுவுக்குப் பயிற்சி எதுவும் இல்லை. வேகப் பயிற்சி இப்படி இருக்கும்: திரையின் நடுவில் ஒரு வாகனம் கண நேரம் தோன்றி மறையும், அதே கணத்தில் திரையின் ஓரத்தில் எங்கோ இன்னொரு காரும் தோன்றி மறையும். நடுவில் இருந்தது காரா லாரியா, ஓரத்தில் இருந்தது எந்தத் திசையில் என்று இரண்டையும் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லச் சொல்லப் படம் தோன்றும் நேரம் குறைந்துகொண்டே போகும், ஓரத்துப் படத்தைச் சுற்றிக் கவனத்தைக் கலைக்கும் வடிவங்களும் சேர்க்கப்படும். தலையைத் திருப்பாமல் ஒரே பார்வையில் எவ்வளவு பரப்பைக் கவனிக்க முடியும் என்பதையே இது பயிற்றுகிறது. நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டே குறுக்குத் தெருவிலிருந்து நுழையும் வண்டியைக் கவனிப்பதற்குத் தேவையானதும் இதுவே.

ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீளும் அமர்வுகள், ஐந்தாறு வாரங்களில் மொத்தம் பத்து. பத்து ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது தர்க்கப் பயிற்சியின் பலனும் வேகப் பயிற்சியின் பலனும் அந்தந்தத் திறன்களில் இன்னும் மிச்சம் இருந்தன. நினைவாற்றல் பயிற்சியின் பலன் கரைந்துவிட்டிருந்தது. அதைவிட உங்களுக்கு முக்கியமானது 2010இல் வந்த முடிவு: தங்கள் தவறால் நேரும் விபத்துகள், பயிற்சி பெறாதவர்களோடு ஒப்பிட, தர்க்கப் பயிற்சியும் வேகப் பயிற்சியும் பெற்றவர்களிடம் ஏறக்குறையப் பாதியாக இருந்தன.

மறதிநோய் பற்றி, அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2017இல் வந்த கட்டுரை, வேகப் பயிற்சி பெற்றவர்களிடம் பத்தாண்டுகளில் அந்நோயின் வாய்ப்பு 29 விழுக்காடு குறைவாக இருந்தது என்றது. செயலி விற்பவர்கள் அந்த எண்ணை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் நோய் இருக்கிறதா என்பதை ஒவ்வொருவரையும் மருத்துவர் நேரில் சோதித்து உறுதி செய்யவில்லை. நேர்காணல், தேர்வு மதிப்பெண், பங்கேற்பாளரோ உறவினரோ சொன்ன தகவல் ஆகியவற்றிலிருந்தே முடிவு செய்தார்கள். ஆகவே இதை ஆர்வத்தோடு கவனிக்கலாம், உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தவிர, நிறம் மாறினால் தட்டும் எல்லாச் செயலிகளுக்கும் இந்தப் பெருமை சேராது. நடுப்பார்வையையும் ஓரப்பார்வையையும் ஒருசேர வேலை வாங்கி, உங்கள் திறனுக்கேற்பக் கடினத்தைக் கூட்டிக்கொண்டே போகும் அந்தக் குறிப்பிட்ட பயிற்சிக்கே சேரும்.

முதலில் கண் மருத்துவரைப் பாருங்கள். கண்புரையோ கண்ணழுத்த நோயோ ஓரப்பார்வையைக் கெடுத்திருந்தால் எந்தப் பயிற்சியும் அதைச் சரிசெய்யாது. மறதிநோய்க்கான ஆபத்துகளில் மாற்றக்கூடியவை என்று 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் பட்டியலிட்ட 14 காரணங்களில் கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவும், காது மந்தமும், ரத்த அழுத்தமும், சர்க்கரை நோயும், உடல் உழைப்பின்மையும் அடங்கும். மூளைப்பயிற்சிச் செயலி வாங்காதது அந்தப் பட்டியலில் இல்லை.

ஒன்பது வயது மகனுக்குப் படிப்பில் கவனம் நிற்கவில்லை. 'மூளையைக் கூர்மையாக்கும்' விளையாட்டுக்கு ஆண்டுச் சந்தா கட்டச் சொல்லி ஒரு நிறுவனத்தின் விற்பனையாளர் தொடர்ந்து அழைக்கிறார். கட்டலாமா?
– மதுரை வாசகி

கட்ட வேண்டாம். இந்தத் துறையில் மிகவும் புகழ்பெற்ற 'லூமோசிட்டி' செயலியின் நிறுவனம், பள்ளியிலும் வேலையிலும் திறன் கூடும், வயதால் வரும் மறதி தள்ளிப்போகும் என்றெல்லாம் ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு ஆணையம் குற்றம் சாட்டியது. 2016 ஜனவரியில் 20 லட்சம் டாலர் செலுத்தி அந்நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுவதை எளிதாக நிறுத்தும் வழியைச் சந்தாதாரர்களுக்குத் தர வேண்டும் என்பதும் அந்த உத்தரவின் ஒரு பகுதி. உங்களிடமும் ஆட்டோபே வசதிக்கு ஒப்புதல் கேட்பார்கள், யோசித்துக்கொள்ளுங்கள்.

கவனக்குறைவுக் கோளாறு உள்ள 8 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கென்று 'எண்டெவர் ஆர்எக்ஸ்' என்ற விளையாட்டை, மருத்துவர் சீட்டின் பேரில் தரும் சிகிச்சையாக, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 ஜூன் மாதத்தில் அனுமதித்தது உண்மை. வண்டியை ஓட்டித் தடைகளைத் தவிர்த்துக்கொண்டே, குறிப்பிட்ட பொருள் தோன்றும்போது மட்டும் சட்டென்று தட்ட வேண்டும். 348 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், இந்த விளையாட்டை ஆடியவர்கள் கணினியில் எடுக்கும் கவனச் சோதனையில் முன்னேறினார்கள். ஆனால் பெற்றோர் வீட்டில் கண்ட அறிகுறிகளைப் பொறுத்தவரை, சொல் விளையாட்டு ஆடிய ஒப்பீட்டுக் குழுவுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. அதுவும் மற்றச் சிகிச்சைகளோடு சேர்த்துத் தருவதற்கே அனுமதி. உங்கள் மகனுக்குக் கோளாறு இருக்கிறதா என்பதே இன்னும் தெரியாது. சந்தாப் பணத்தில் குழந்தை மருத்துவர் ஒருவரையும் கண் பரிசோதனையையும் முடித்துவிடலாம். கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளைக்கும் கவனம் நிற்காது.

எங்கள் ஊர் செய்குத்தம்பிப் பாவலர் நூறு செயல்களில் ஒரே நேரத்தில் கவனம் வைத்தவர் ஆயிற்றே! நம் கவனகக் கலை இருக்கும்போது இந்த விளையாட்டுகள் எதற்கு?
– நாகர்கோவில் வாசகர்

1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் பாவலர் சதாவதானம் செய்து காட்டியது தமிழர் பெருமைப்பட வேண்டிய நிகழ்ச்சி என்பதில் நமக்கும் மாற்றுக் கருத்து இல்லை. முதுகில் விழும் நெல்மணிகளை எண்ணிக்கொண்டே, மணியோசையையும் எண்ணி, இடையில் கொடுத்த ஈற்றடிக்கு வெண்பாவும் பாடுவது எளிய செயலா! ஆனால் அந்தத் திறனுக்கு அடியில் இருந்தது பல ஆண்டு யாப்புப் பயிற்சியும் மனத்தில் ஏறிக்கிடந்த ஆயிரக்கணக்கான பாடல்களும். வெண்பா அவருக்கு மூச்சுபோல் வந்ததால்தான் எண்ணுவதற்கு மனத்தில் இடம் மிஞ்சியது. மேலும், கவனகம் ஓர் அரங்கக் கலை. நினைவாற்றலுக்கு மருந்து என்று அதைப் பாவலர் விற்கவில்லை. இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவதற்குக் காரணம் ஒன்றும் இல்லை, கற்றுக்கொள்ள ஆசான் கிடைத்தால் கவனகத்தையே கற்றுக்கொள்ளுங்கள்.

என் தங்கைக்கு வலிப்பு நோய் உண்டு. வெளிச்சம் பளிச்சிடும் வேக விளையாட்டுகளை அவள் ஆடலாமா?
– யாழ்ப்பாணம் வாசகர்

வலிப்பு நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவினருக்கே பளிச்சிடும் ஒளியால் வலிப்பு தூண்டப்படுகிறது. குழந்தைகளிடமும் இளையோரிடமும் அது சற்றுக் கூடுதல். உங்கள் தங்கை அந்த வகையினரா என்பதை அவருடைய நரம்பியல் மருத்துவர், மூளை அலைப் பதிவின்போது ஒளியைப் பளிச்சிட வைத்துச் சோதித்துச் சொல்லிவிடுவார். தெரியும் வரை, நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் விளையாட்டுகளை, குறிப்பாகச் சிவப்பு ஒளி பளிச்சிடுபவற்றை, தவிர்ப்பதே நல்லது. மற்றவற்றை ஆடும்போது அறையில் விளக்கு எரியட்டும், திரை சற்றுத் தள்ளி இருக்கட்டும், தூக்கம் கெட்ட நாளில் ஆட வேண்டாம். திடீரென்று திரை பளிச்சிடத் தொடங்கினால் கண்ணை மூடிக்கொள்வது போதாது, இமை வழியாகவும் ஒளி உள்ளே போகும். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாகப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்லுங்கள்.